கடைசி வரியை வாசிக்கச் சொன்ன அக்கா

பேக்ஸ் போய்விட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னால் அந்த அக்கா நம்பமாட்டாள். திரையில் 'ஓகே' என்று வரும். பிரிண்டரில் அதற்கு ஒரு சீட்டும் வரும். சீட்டை எடுத்து மேசையில் குப்புறப் போடுவாள். உடனே அந்த ஆபீசுக்குப் போன் அடிப்பாள். எடுப்பது குமாஸ்தாவாக இருந்தாலும் பெரிய அதிகாரியாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

"பேக்ஸ் வந்துதா?"

"வந்துட்டும்மா."

"கடைசி வரியை வாசிங்க."

வாசிக்கும் வரை போனை வைக்கமாட்டாள்.

இதற்காக நான் அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். ஒரு தடவை போன் வயரையே பிடுங்கியிருக்கிறேன். என் தம்பி ஒரு பாழாய்ப்போன கப்பலில் ஒழுங்கான சோறு தண்ணி இல்லாமல் ஏழு மாதம் கிடந்தான். அவனைக் கரையிறக்கப் போன காகிதம் எல்லாம் அவள் வீட்டு வயர் வழியாகத்தான் போனது. அதனால் அவளைப் பற்றி எழுத எனக்குப் பாத்தியதை உண்டு. நல்லவள், தங்கமானவள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அவள் என்ன மாதிரி ஆள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அப்போது பிராட்பேண்ட் லைன் பழுது பார்க்கும் ஒப்பந்தக் கூலி. ஐ.டி.ஐ. முடித்திருந்தேன். ஏணி, கட்டிங் பிளேயர், லைனில் கொக்கி மாட்டிப் பார்க்கும் ஒரு டெஸ்ட் போன், இவ்வளவுதான் என் ஆயுதம். திரேஸ்புரத்திலிருந்து பழைய ஹார்பர் வரைக்கும் என் ஏரியா. கடற்கரையில் லைன் வேலை பார்ப்பவனுக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை. இன்று சுரண்டி முறுக்கிய செம்புக் கம்பி இரண்டு மாதத்தில் பச்சையாய்ப் பூத்து நிற்கும். உப்புக்காற்று. பழி மட்டும் நம் தலையில்.

பெரிய கோவிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் அவள் வீடு. கம்ப்ளெயிண்ட் சீட்டில் இப்படி இருந்தது: நெட் வருகிறது, போன் பேசுகிறது, பேக்ஸ் மட்டும் போகவில்லை. பேக்ஸ் எல்லாரும் விட்டுத் தொலைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வைத்துக்கொண்டு எவள் பேக்ஸ் அனுப்புகிறாள் என்று எரிச்சலோடுதான் போனேன்.

"யக்கா, நெட்டு இருக்குல்லா? ஈமெயில்ல அனுப்பித் தொலைங்க. எந்தக் காலத்துல இருக்கிய?"

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா தம்பி. நீ அஞ்சாவது ஆளு. முன்ன வந்த நாலு பேரும் இதையேதான் சொன்னாவ. அவங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது. உனக்காவது தெரியுமா?"

ஐம்பதை ஒட்டிய வயது. குட்டை. கழுத்தில் செயினோடு மூக்குக்கண்ணாடியும் தொங்கும். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். முன்னறையில் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஸ்கேனர், சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். படத்துக்குக் கீழேதான் பிராட்பேண்ட் பெட்டி விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்கள் நான்கு பேருக்கும் புரியாத விஷயம் அவளுக்குப் புரிந்திருந்தது. பிராட்பேண்ட் பெட்டிக்கு நெட் மட்டும்தான் தெரியும், நம்பர் சுற்றத் தெரியாது. பேக்ஸ் போக வேண்டும் என்றால் போனைப்போல அந்தப் பக்கத்துக்கு அடித்துப் பேசுகிற பழைய மாதிரி மோடம் ஒன்று வேண்டும். அதை எங்கோ பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மாட்டியிருந்தாள். நெட்டும் போனும் ஒரே கம்பியில் வருவதால், இரண்டையும் பிரிக்க ஸ்பிளிட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. அதையும் சரியாகத்தான் மாட்டியிருந்தாள். பேக்ஸில் முதல் பக்கம் போகும். இரண்டாம் பக்கத்தில் பாதியில் அறுந்துவிடும். அதுவும் தினமும் இல்லை, சில நாள்.

என் முன்னால் ஒரு நோட்டை விரித்தாள். தேதி, மணி, எத்தனை பக்கம் போனது. கடைசியில் 'காத்து' என்று ஒரு கட்டம்.

"கொண்டல் அடிச்சா ரெண்டாவது பக்கத்துல அறுந்துருது. கச்சான் அடிச்சா அஞ்சு பக்கம்னாலும் போவுது. பாரு."

நான் சிரித்துவிட்டேன். "காத்துல எங்கக்கா பேக்ஸ் போவுது? வயர்லல்லா போவுது."

"வயரு எதுல தொங்குது?"

ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு தடவை வெறுமனே டயல் டோன் பார்த்துவிட்டு 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போனேன். பொய்தான். மூன்றாவது தடவை வேறு வழி இல்லாமல் தெருமுனைக் கம்பத்தில் ஏறினேன். கம்பத்துப் பெட்டியின் மூடி கழன்று கிடந்தது. திறந்த வாய் நேராகக் கடலைப் பார்த்திருந்தது. கிழக்கே இருந்து வரும் கொண்டல் காற்று ஈரத்தையும் உப்பையும் நேரே உள்ளே கொண்டுவந்து அப்பும். மேற்கே இருந்து கச்சான் அடித்தால் காய்ந்துவிடும். பேச்சில் கரகரப்பு இருந்தால் மனிதன் கேட்டுக்கொள்வான். பேக்ஸ் கேட்டுக்கொள்ளாது, அறுந்துவிடும். அவள் நோட்டு சொன்னது அச்சு அசலாக உண்மை.

ஜாயிண்ட்டை வெட்டிப் புதிதாக முறுக்கி, மூடி போட்டுக் கட்டிவிட்டு இறங்கினேன். அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துக்குச் சீட்டை நீட்டினேன்.

"இரு. அஞ்சு பக்கம் அனுப்புதேன். அந்தப் பக்கம் வாசிக்கட்டும். பெறகு கையெழுத்து."

"ஓகேன்னு வந்துட்டுல்லாக்கா!"

"ஓகேன்னு சொன்னது மிஷினு. மனுசன் சொல்லட்டும்."

பம்பாயில் ஏதோ ஒரு ஆபீஸ். அரைகுறை இந்தியில் "லாஸ்ட் லைன் படோ, லாஸ்ட் லைன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் அங்கே தேவுடு காத்தேன்.

பிறகு எங்கள் ஆபீசில் இவளைப் பற்றி ஒரு கதை கேள்விப்பட்டேன். நான் போவதற்கு முன்னால், பேக்ஸ் போகவில்லை என்று எங்கள் அதிகாரிக்குப் பேக்ஸிலேயே புகார் அனுப்பியிருக்கிறாள். அவர் குஷியாகிவிட்டார். "உங்க பேக்ஸ் வந்துட்டே மேடம், அப்ப வேலை செய்யுதுன்னுதான அர்த்தம்? கம்ப்ளெயிண்ட் குளோஸ்" என்றிருக்கிறார். கடைசி வரியை வாசிங்க என்றிருக்கிறாள். அவரும் கெத்தாக வாசித்திருக்கிறார். "சார், அதுக்குக் கீழ இன்னும் ஆறு வரி இருக்கு. உங்களப் பத்திதான் எழுதிருக்கேன்" என்றாளாம். அந்த ஆறு வரி என்ன என்று தெரிந்துகொள்ள அந்த மனிதர் ஒரு வாரம் தவித்தார். அவள் கடைசிவரை சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கப்பலுக்குப் போனவர்களின் வீட்டாட்கள். சான்றிதழ் நகல், ஒப்பந்தக் காகிதம், நாள் தள்ளிக் கேட்கும் கடிதம். பம்பாய் ஏஜென்ட்டுகள் அப்போது கையெழுத்துப் போட்ட பேக்ஸ்தான் கேட்பார்கள். மாலத்தீவுக்குப் போகும் தோணிக்காரர்களும் வருவார்கள். ஒரு நாள் நான் லைன் பார்க்கப் போயிருந்தபோது ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, பின்னால் இரண்டு பேர். மந்திரிக்கு மனு.

பேக்ஸ் போனது. ஓகே சீட்டு வந்தது. தலைவர் கையை நீட்டினார். அக்கா சீட்டைக் குப்புறப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"யம்மா, அந்தச் சீட்டைத் தந்துரு. பேப்பர்காரன் வெளிய நிக்கான்."

"இருங்கண்ணாச்சி. அங்க வாசிக்கட்டும்."

"அங்க எவனும் வாசிக்கமாட்டாம்மா. அது எங்களுக்கே தெரியும். எங்களுக்குச் சீட்டுதான் வேணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப வெள்ளைத்தாளை அனுப்பிருக்கலாமே. டைப் அடிச்ச என் கையி மிச்சம்."

பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். தலைவர் அவனை முறைத்த முறைப்பில் அவன் வெளியே போய்விட்டான். சென்னையில் போனை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பேப்பர்காரன் போய்விட்டான். தலைவரும் போய்விட்டார். யாரும் இல்லாத அறையில் இவள் மட்டும் உட்கார்ந்து, "கடைசி வரி சார், கடைசி வரி" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வேலை பார்த்த ஆபீசில் இவள் அனுப்பிய பேக்ஸ் ஒன்று வெறும் வெள்ளையாய்ப் போய், வந்த கப்பலுக்கு ஹார்பர் ஜெட்டியில் கட்ட இடம் இல்லாமல் போனதாம், அதில்தான் வேலை போனதாம். இல்லை இல்லை, அவள் வீட்டுக்காரர் சவுதியில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது போட்ட தந்தி ஒன்று வரவே இல்லையாம். கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஏங்க்கா, இப்படிப் போட்டு நச்சரிக்கிய? அப்படி என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஏதாவது ஆனாத்தான் கேக்கணுமா? நீ கடையில மிச்சத்த எண்ணி வாங்குதல்லா. உனக்கு என்ன ஆச்சு?"

அதோடு முடிந்தது.

இனி என் தம்பி கதை. பெயர் முத்துச்செல்வம். கப்பலில் ஆயிலர். எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கிற வேலை. பம்பாய் ஏஜென்ட் ஒருத்தன் ஏற்றிவிட்ட கப்பல். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு முதலாளி காணாமல் போய்விட்டான். போனும் எடுப்பதில்லை. கப்பலில் பதினோரு பேர். டீசல் தீர்ந்தது, கரண்ட் நின்றது. தண்ணீர்ப் படகுக்காரன் வாரம் ஒரு தடவை பீப்பாயில் தண்ணீர் கொடுப்பான். அவன் செல்போனில்தான் தம்பி பேசுவான். இரண்டு நிமிடம்.

"அண்ணே, தூண்டி போட்டு மீன் பிடிச்சுத் திங்கோம். அரிசி சமையல் பண்டாரி கையில இருக்கு. ஆளுக்கு ஒரு கைதான் போடுதாரு. காலு வீங்கிருக்குண்ணே. அம்மாட்ட சொல்லாத."

இறங்கிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த நாட்டில் அனுமதி இல்லாமல் கரையில் கால் வைத்தால் ஜெயில். அனுமதி தருவது அந்தத் துறைமுக ஆபீஸ். குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட கடிதம், தம்பியின் சான்றிதழ் நகல், இன்னும் என்னென்னவோ கேட்டார்கள். ஈமெயில் செல்லாது, பேக்ஸ்தான் செல்லும். பத்து நாளுக்கு ஒரு தடவை புதிதாக ஒரு காகிதம். நான் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் பழைய கதை எதையும் இழுக்கவில்லை.

"பேரு முழுசா சொல்லு. எத்தன நாளா நிக்கான்? என்ன வேல? காலு எந்தக் காலு வீங்கிருக்கு?"

"எந்தக் காலா இருந்தா ஆபீசுக்கென்னக்கா?"

"சொல்லு."

இங்கிலீஷில் அடித்துவிட்டு, எனக்குத் தமிழில் படித்துச் சொல்வாள். அப்பா கையெழுத்துப் போடுவார். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும். அதை மட்டும் எனக்குப் படித்துச் சொல்லமாட்டாள். ஆபீஸ் கடிதத்தில் கீழே ஏதாவது இருக்கும்தானே, நகல் இன்னாருக்கு என்கிற மாதிரி. நானும் கேட்கவில்லை. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும், வாக்கியம் தெரியாது.

அந்த ஆபீசில் போனை எடுப்பவன் ஒரே ஆள். எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது. இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசுவான். முதல் தடவை மரியாதையாக வாசித்தான். இரண்டாவது தடவை பெருமூச்சு விட்டு வாசித்தான். நான்காவது தடவை இவள் குரலைக் கேட்டதுமே, "ஓ மேடம்" என்று அலுத்துக்கொண்டது எனக்கே கேட்டது. ஆறாவதோ ஏழாவதோ தடவை வாசிக்காமலே வைத்துவிட்டான். கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். அவனைப் போய் இவள் வெறுப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை. அங்கே வெள்ளியும் சனியும் ஆபீஸ் கிடையாது. அதற்கு முந்தின நாள்தான் தம்பி பேசியிருந்தான். வீக்கம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பேக்ஸ் போனது, ஓகே வந்தது. இவள் போன் அடித்தாள்.

"ரிசீவ்டு, ரிசீவ்டு, ரிசீவ்டு" என்று மூன்று தடவை கத்திவிட்டு வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுத்து அப்படியே வைத்தான். நான்காவது தடவை அவள் நம்பரைச் சுற்றும்போது நான் எட்டிச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

"உங்களுக்குக் கூறு இருக்கா இல்லையா? ஓகே வந்துட்டு. அவனும் வந்துட்டுன்னு சொல்லிட்டான். எரிச்சல்ல அவன் பேப்பரைக் கிழிச்சுப் போட்டா என் தம்பி காலை நீங்களா தருவிய? உங்க கிறுக்குத்தனத்துக்கு எங்க வீட்டுப் பயதான் கெடைச்சானா?"

அவள் முகம் கொஞ்சம் வெளுத்தது. குரல் மாறவில்லை.

"நீ லைன்மேன். உனக்குப் புடுங்கத் தெரியும். மாட்டவும் தெரியும்லா? மாட்டு."

"மாட்டமாட்டேன்."

"அப்ப வெளிய போலே."

போய்விட்டேன். அந்த மூன்று நாளும் வீட்டில் அம்மாவிடம் காகிதம் போய்விட்டது, போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்த நேரத்துக்கு அவள் எனக்குப் போன் செய்தாள்.

"வாசிச்சுட்டான்."

வைத்துவிட்டாள். எத்தனை தடவை அடித்தாள், அவன் என்ன திட்டினான், ஒன்றும் தெரியாது.

பதினெட்டாம் நாள் தம்பி மதுரையில் வந்து இறங்கினான். பனங்கிழங்கு மாதிரி இருந்தான், கால் மட்டும் தூண். வரும் வழியில் காரில் சொன்னான்: "அண்ணே, படகுல ஆபீஸ்காரன் ஒருத்தன் வந்தான். ஏணியில ஏறும்போதே, 'ஹூ இஸ் முத்துச்செல்வம்? இடது காலு'ன்னு கேட்டான். என் பேரை அவ்வளவு சுத்தமா சொன்னாம்ணே. எங்க கேப்டனுக்கே என் பேரு வாயில வராது. பதினோரு பேரு நிக்கோம். அவனுக்கு என் பேரு மட்டுந்தான் தெரிஞ்சுது. என்னை மட்டும் இறக்கிட்டுப் போயிட்டான்."

ஒரு வாரம் கழித்து அவனை அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திட்டியதற்கு மன்னிப்பு கேட்க என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லை, அது வேறு விஷயம். அந்தக் கீழ் வரி என்ன என்று கேட்டேன். நகலை எடுத்துத் தமிழில் படித்தாள்.

"இதை வாசிக்கிற நான், இடது கால் வீங்கிய முத்துச்செல்வம் நூற்றுத் தொண்ணூறு நாளாக அந்தக் கப்பலில் நிற்பதை அறிவேன்."

எல்லாக் கடிதத்திலும் அதே வரி. நாள் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது. அந்த ஆளை ஒவ்வொரு தடவையும் தன் வாயால் அதைச் சொல்ல வைத்திருக்கிறாள். பேக்ஸ் சரியாகப் போனதா என்று பார்க்கத்தான் வாசிக்கச் சொல்கிறாள் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மற்றவர்கள் காகிதத்திலும் இப்படித்தான் எழுதினாளா, எங்கள் அதிகாரிக்கு எழுதிய ஆறு வரியும் இதே ஜாதியா, தெரியாது. கேட்டால் சொல்லமாட்டாள். எனக்கு அப்போது அவள்மேல் நன்றியைவிடப் பயம்தான் வந்தது.

தம்பியை அவள் நலம் விசாரிக்கவில்லை. காலைக்கூடப் பார்க்கவில்லை.

"மத்த பத்துப் பேரு?"

"அங்கனதான் நிக்காங்கக்கா."

"நான் செஞ்ச தப்பு. ஒருத்தன் பேரை மட்டும் அவன் வாயில போட்டேன். இவன் மத்த பேரச் சொல்லல, நானும் கேக்கல." என்னைக் காட்டினாள். பிறகு கீபோர்டை இழுத்துக்கொண்டாள். "ஒவ்வொருத்தனா சொல்லு."

"யக்கா, அதுல நம்மூராளு ஒருத்தரும் கெடையாது" என்றேன். "பாதிப்பேரு வேற நாட்டான். அவனவன் கவர்மெண்டு பாத்துக்கிடும்."

"உன்னக் கேக்கல."

தம்பி சொல்ல ஆரம்பித்தான். கேப்டன், செகண்ட், போசன் என்று வேலையைச் சொல்வான். "பேரு" என்பாள். யோசித்துச் சொல்வான். கப்பலில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவனே அங்கே ஆயிலர்தான், முத்துச்செல்வம் இல்லை. ஒன்பது பேரைத் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டான். பத்தாவது ஆள் பண்டாரி. சமையல்காரர்.

"பேரு?"

தம்பி விழித்தான். "பண்டாரின்னுதான்... ஒரு நாள் சொன்னாரு. நீளமான பேரு. எங்களுக்கு வாயில வரல. விட்டுட்டோம்."

"ஏழு மாசம் சோறு போட்டிருக்கான்."

"ஆமாக்கா."

"பண்டாரின்னு எழுதுனா அங்க எவன் வாசிப்பான்? வாசிச்சாலும் எந்தப் பண்டாரின்னு தேடுவான்?"

கப்பலுக்குப் போன் அடிக்க வழி இல்லை. படகுக்காரன் நம்பர் அணைந்து கிடந்தது. எழுந்து போகலாமா என்று நான் பார்த்தேன். எங்கள் வேலை முடிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

மீதிப் பேர் இறங்கியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் ஆனது. மூன்று தவணையாக இறங்கினார்கள். அவளால்தான் என்று நான் சொல்லமாட்டேன், தெரியாததைச் சொல்ல எனக்கு வராது. அடுத்த வருஷம் அவள் லைனை ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மகள் இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரியும். லைனை வெட்டியது வேறு ஒரு கூலி.

அன்றைக்கு அவள் செய்தது இதுதான். அந்தத் துறைமுக ஆபீசுக்கே போன் அடித்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம்! யுவர் மேன் கான். ஃபினிஷ்டு!" அவன் குரலில் அழாத குறை.

முத்துச்செல்வம் போனது சரி, நன்றி, இன்னொரு ஆள் பேர் மட்டும் வேண்டும், ஆள் பட்டியல் உங்களிடம் இருக்கும், சமையல்காரர் என்று இருக்கும் வரியைப் பாருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவன் வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள். வைத்துவிட்டான். நான் இந்தத் தடவை வயரைத் தொடவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தான், வைக்கவில்லை. பிறகு இழுப்பறை திறக்கும் சத்தம், காகிதம் புரட்டும் சத்தம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். நீளமான பேர்தான். அவள் பென்சிலால் எழுதிக்கொண்டு "தேங்க்யூ" என்றாள்.

"நோ, நோ" என்றான் அவன். "நவ் யூ ரீட், மேடம்."

அக்கா ஒரு வினாடி போனையே பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். தப்பு என்றான். மறுபடி வாசித்தாள். அதுவும் தப்பு. அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தான். மூன்றாவது தடவை அவள் சொன்னபோது தம்பி, "இதுதாங்க்கா, இதுதான் சொன்னாரு" என்று கத்திவிட்டான். ஸ்பீக்கரில் அவன் "கரெக்ட்" என்றான். ஆபீஸ் மூட இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, அனுப்புங்கள் என்றும் சொன்னான்.

பத்துக் கடிதம் அடித்தாள். குடும்பத்தார் யாரும் இல்லாததால் தம்பியே கூட வேலை பார்த்தவன் என்று பத்திலும் கையெழுத்துப் போட்டான். ஒவ்வொன்றாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் துறைமுக ஆபீஸ்காரனே போன் அடித்து, இவள் கேட்காமலே வாசித்தான். கேப்டனில் தொடங்கிப் பண்டாரியில் முடிந்தது. அதையும் வாசித்துவிட்டு, வைக்காமல் கேட்டான்: "எனி மோர், மேடம்?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் விரல்விட்டு எண்ணினான். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினான். பிறகுதான் இல்லை என்று தலையாட்டினான்.